வீட்டில் ஒரு செடி, மாலையில் ஒரு நடை

(அறக்கட்டளையின் மாதாந்தரக் குடும்பச் சந்திப்பில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்தச் சந்திப்பில் கல்வி உதவித் தொகை, திருமண உதவி, மருத்துவ முகாம், வரவு செலவு ஆகியவற்றைத்தான் பேசுவோம். இந்த மாத நோட்டீஸில் "வீட்டுச் செடியும் உடல் நலமும்" என்று தலைப்புப் போட்டதைப் பார்த்துவிட்டு, "அறக்கட்டளைக்கு வேறு வேலை இல்லையா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எங்களிடம் இருந்த ஒரு குறையை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனியாக வாழும் முதியவர்களுக்கு மாதம் தோறும் அரிசி, பருப்பு, மருந்துச் செலவு கொடுத்து வருகிறோம். அந்தப் பட்டியலில் ஒரு நன்னிமா இருக்கிறார். பெயர் வேண்டாம். கணவர் வஃபாத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். இத்தா முடிந்தது. ஆனால் நன்னிமா வெளியே வரவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது, மூன்றாவது வருடமும் வந்துவிட்டது. மகன் வளைகுடாவில் இருக்கிறார். பணம் அனுப்புகிறார், வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்கிறார். ஒரு காலத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து பனை ஓலைக் கூடை பின்னிய கை அது. கண் மங்கியதும் அந்த வேலையும் நின்றுபோனது.

எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மாதா மாதம் ஒரு டிக் விழுந்தது. பொருள் கொடுத்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று. "எப்படி இருக்கீங்க நன்னிமா?" என்று கேட்டால், "அல்லாஹ் வெச்ச மாதிரி இருக்கேன் வாப்பா" என்பார். அதை நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த வீட்டின் ஜன்னல் பகலிலும் சாத்தியே இருந்ததை மூன்று வருடமும் பார்த்தோம். பார்த்தும் கேட்கவில்லை. இதுதான் எங்கள் குறை.

பொருள் கொண்டு போய்க் கொடுக்கும் கல்லூரி மாணவி ஒருவர், ஒரு மாதம் அரிசிப் பையோடு ஒரு பழைய பெயின்ட் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனார். அதில் ஒரு கற்பூரவல்லிச் செடி. "எங்க வீட்டிலே வைக்க இடமில்லே நன்னிமா, கொஞ்ச நாள் நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார். உதவி என்று கொடுக்கவில்லை, உதவி கேட்டுவிட்டு வந்தார்.

பத்து நாளில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "நன்னிமா செடி கருகுதாம், ஆள் வரச் சொன்னாங்க" என்றான். அரிசி தீர்ந்துபோனால்கூட ஆள் அனுப்பாதவர், ஒரு செடிக்காக ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். தண்ணீரை மாற்றச் சொன்னோம், வெயில் படும் வாசல் பக்கம் எடுத்து வைக்கச் சொன்னோம். செடி வாசலுக்கு வந்ததும் நன்னிமாவும் வாசலுக்கு வந்தார். ஆடு கடிக்காமல் பார்க்க வேண்டுமே! தெருவில் போகிறவர்கள் ஸலாம் சொன்னார்கள். சளி பிடித்த பிள்ளைக்கு இரண்டு இலை கேட்டு ஒரு தாய் வந்தார். பிறகு இன்னொருவர் வந்தார். ஒரு நாள் மாலை, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு தெரு நடந்து அந்த மாணவியின் வீட்டுக்கே வந்துவிட்டார். "உன் செடி பெருகிடுச்சும்மா, கிளை ஒடிச்சுக் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அன்றைக்கு எங்கள் பதிவேட்டில் எழுத ஒரு கட்டமும் இல்லை. அரிசிக்குக் கட்டம் இருந்தது. மாத்திரைக்குக் கட்டம் இருந்தது. ஒரு மனிதர் மூன்று வருடத்திற்குப் பிறகு தெருவுக்கு வந்ததற்குக் கட்டம் இல்லை.

சகோதர சகோதரிகளே, செடி ஒரு மாயமும் செய்யவில்லை. நன்னிமாவுக்கு முழங்கால் வலி இன்றும் இருக்கிறது, பிரஷர் மாத்திரை இன்றும் சாப்பிடுகிறார். இதே போல இன்னொரு பெரியவருக்குச் செடி கொடுத்தோம். "இதுக்கு வேற தண்ணி ஊத்தணுமா?" என்று சலித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் காய்ந்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆனாலும் நன்னிமா வீட்டில் நடந்தது தற்செயல் அல்ல என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

1976-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்த முதியவர்களிடம், "இங்கே உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யலாம், வேண்டுமானால் ஒரு செடியை எடுத்து நீங்களே வளருங்கள்" என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால், "தண்ணீர் ஊற்றுவதையெல்லாம் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, தங்கள் பொறுப்பைத் தாங்களே ஏற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும், மற்றவர்களோடு அதிகம் பழகுகிறவர்களாகவும் இருந்தார்கள். இது சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செடி இரண்டு மாடியிலும் இருந்தது. பொறுப்பு ஒரு மாடியில்தான் இருந்தது.

நம் வீடுகளில் நாம் என்ன செய்கிறோம்? "அம்மா, நீங்க உட்காருங்க. எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் எல்லா வேலையையும் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்ட பிறகு, காலையில் எழுந்திருக்க அவர்களுக்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்தில்கூட, கையில் ஒரு மரக்கன்று இருந்தால் முடிந்தவரை அதை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பலனைச் சாப்பிடுவதற்காக மட்டும் நடச் சொல்லவில்லை. கையில் ஒரு பொறுப்பு இருக்கும்வரை அதை நிறைவேற்று என்பதுதான் அதில் நாம் விளங்கிக்கொள்ளும் பாடம்.

உப்பு மண்ணில் செடி வளர்ப்பது

"பழவேற்காட்டில் செடி எங்கே வளரும்? தண்ணீரெல்லாம் உப்பு" என்று தாய்மார்கள் சொல்வது உண்மைதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. காற்றிலும் உப்பு, போரிலும் உப்பு. நாங்கள் கெடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம், நீங்கள் கெடுக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, தொட்டிக்கு அடியில் துளை வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அந்த மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். துளை இல்லாத டப்பாவில் உப்புக்குப் போக வழியே இல்லை.

இரண்டாவது, எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியில் டிரம் வைத்துப் பிடித்து, கொசு நுழையாமல் மூடி வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, தாராளமாக ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீர் நல்லது. மீன் கழுவும் வீட்டில், உப்பும் மஞ்சளும் போடுவதற்கு முன்னால் வரும் முதல் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவது நம் பாட்டிமார் பழக்கம். ஆனால் ஆர்.ஓ. மெஷினிலிருந்து தனிக் குழாயில் வெளியேறும் கழிவு நீரை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீணாகப் போகிறதே என்று அதை ஊற்றித்தான் பல வீட்டில் செடி செத்தது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊருக்கு ஏற்ற செடியாகப் பாருங்கள். ரோஜாவும் புதினாவும் உப்புக்குச் சீக்கிரம் வாடும். கற்றாழை, பத்துமணிப் பூ, மருதாணி ஆகியவை ஓரளவு தாங்கும். பெருநாளைக்கு மருதாணி வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம், வீட்டிலேயே பறித்து அரைக்கலாம். கூம்பில் அடைத்து விற்கும் கறுப்பு மருதாணியில் சாயம் கலந்து, பிள்ளைகளின் கை கொப்பளித்துப் போவது உண்டு. வீட்டு இலையில் அந்தப் பயம் இல்லை. தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பெயின்ட் டப்பாவும், மீனுக்கு ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டியும் போதும். அழகு வேண்டுமானால் நம் பெண்கள் பின்னும் ஓலைக் கூடையை வெளியே மாட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

நான்காவது, தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெள்ளிக்கிழமை குளிக்கப் போகும்போது தட்டையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்துவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

செடி எதைச் செய்யாது?

"இந்தச் செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும்" என்று செல்போனில் வருவதை எல்லோரும் அனுப்புகிறோம். 1989-ல் நாசா செய்த ஆய்வை அதற்கு ஆதாரம் காட்டுவார்கள். அது காற்றுப் புகாமல் அடைத்த சிறிய கூண்டுக்குள் செய்த சோதனை. அதையும் அது போன்ற மற்ற சோதனைகளையும் 2019-ல் அறிஞர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் வழியே சாதாரணமாக வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10, சில கணக்குப்படி 1000 செடிகூட வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். அவ்வளவு செடி வைத்தால் நாம் எங்கே படுப்பது? காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியைக் கண்ணுக்கும் கைக்கும் வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. நமக்குத் தெரிந்த ஒருவர், "இன்சுலின் செடி" இலையைத் தினமும் மென்றுகொண்டு, சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டார். சொல்லாமல் செய்தார். காலில் வந்த சிறிய புண் ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அல்லாஹ் அவருக்கு ஷிஃபா தரட்டும். நித்தியகல்யாணி இலையையும் சர்க்கரைக்கு மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுப்பது உண்மை. அவ்வளவு கடுமையான பொருள் உள்ள இலையை அளவு தெரியாமல் மெல்லுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். சளிக்குக் கற்பூரவல்லி, வாய்க்கு ருசியாகக் கறிவேப்பிலை, அதோடு நிறுத்திக்கொள்வோம். மாத்திரையை டாக்டர் நிறுத்தட்டும். அரளிச் செடி எல்லாப் பாகமும் விஷம். பிள்ளையும் ஆடும் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

ஏரிக்கரையில் இருந்துகொண்டு ஏரியைப் பார்க்காதவர்கள்

இனி, நடையைப் பற்றி.

இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கழுத்தில் கேமரா, கையில் பைனாகுலர். குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்த்துவிட்டு, மீனும் நண்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் நம் பட்டியலில் உள்ள தாய்மார்கள் சிலரிடம், "கடைசியாக எப்போது ஏரியைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். "பிள்ளைங்க சின்னதா இருந்தப்போ" என்றார் ஒருவர். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏரிக்கும் அவர் வீட்டுக்கும் பத்து நிமிட நடைதான்.

வயது வந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உடல் உழைப்பில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்குப் போட்டால், வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே அது தாராளமாகக் கிடைக்கும். முடியாதவர்கள் முடிந்த அளவு நடந்தால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டாம். சிப்பி கிழித்தாலும் சில சமயம் தெரியாது.

போக இடமா இல்லை? லைட் ஹவுஸ் பக்கம் போகும் பாலத்தின் மேல் நின்றால் ஏரி இரண்டு பக்கமும் தெரியும். ஊருக்குள்ளேயே தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி, துணி வாங்கி, கப்பல் ஏற்றியவர்கள் அவர்கள். கோட்டை இடிந்தது, கல்லறை நிற்கிறது. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் ஊர் வரலாறும் தெரியும், துன்யா எவ்வளவு நாளைக்கு என்பதும் தெரியும்.

ஏரியைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் வந்து போகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறாலும் மடவையும் நண்டும் இங்கே வளர்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, மீன் குறைகிறது. நம் மீனவச் சகோதரர்கள் தூர்வாரச் சொல்லிக் கேட்பது இதற்காகத்தான். துளை இல்லாத டப்பாவில் செடிக்கு வந்த அதே கஷ்டம்தான் ஏரிக்கும் வருகிறது. அடைத்த வீட்டுக்குள் இருக்கும் மனிதருக்கும் அதுதான். உள்ளே சேர்ந்துகொண்டே போகும் துக்கத்துக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். அறக்கட்டளையின் சார்பில் போகும் எந்த நடையிலும் படகுச் சவாரி கிடையாது. 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 உயிர் போனதை நம் ஊர் மறக்காது. அன்று உதவிக்கு ஓடியவர்கள் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், கொள்ளும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் தண்ணீர் யாரையும் விடாது. உங்கள் சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தாலும் இதைச் சொல்லுங்கள். பறவைகளையும் தூரத்தில் நின்றே பார்ப்போம். விரட்டிப் பறக்க வைத்துப் படம் எடுத்தால், இரை எடுக்க அவ்வளவு தூரம் பறந்து வந்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

எங்கள் வேண்டுகோள்

அடுத்த மாதத்திலிருந்து மூன்று காரியம் செய்ய நாடியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

தனியாக இருக்கும் முதியவர்களில் விரும்புகிறவர்களுக்கு ஒரு செடி கொடுப்போம். விரும்பாதவர்களை வற்புறுத்த மாட்டோம். கொடுக்கும்போது, "பெருகினால் ஒரு கிளை திருப்பித் தர வேண்டும்" என்று சொல்லியே கொடுப்போம். வாங்குகிற கையாக மட்டும் அவர்களை வைத்திருக்க வேண்டாம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, அஸர் முடிந்ததும், பெண்களுக்குத் தனியாக ஏரிக்கரைக்கு ஒரு நடை. நம் சகோதரிகளே முன்னின்று நடத்துவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஷேர் ஆட்டோ ஏற்பாடு உண்டு. மஃரிப் பாங்குக்குள் அவரவர் வீட்டில் கொண்டு வந்து விட்டுவிடுவோம். "வயசான காலத்திலே என்ன ஊர் சுற்றல்" என்று யாராவது பேசினால், அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் போடுகிறோம். "இந்த மாதம் வெளியே வந்தாரா? யாரோடு பேசினார்?" என்று அதில் எழுதுவோம். அந்தக் கட்டம் இரண்டு மாதம் காலியாக இருந்தால், நிர்வாகிகளில் ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஜகாத் பணத்தில் ஒரு பைசாவும் இதற்குத் தொட மாட்டோம். அதற்கு உரியவர்கள் யார் என்பது மார்க்கம் வகுத்துத் தந்தது. பொது நிதியிலிருந்தும், இதற்கென்று நீங்கள் தரும் ஸதகாவிலிருந்தும்தான் செலவு செய்வோம். பெரிய தொகை வேண்டாம். காலி பெயின்ட் டப்பா, மக்கிய சாணம், ஒரு கிளை, ஒரு மாலை நேரம், இவைதான் தேவை.

வெளிநாட்டில் இருக்கும் மகன்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மடல் உங்கள் போனுக்கும் வரும். அம்மாவிடம் பேசும்போது, "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறீர்கள். நல்லது. அதோடு, "இன்னைக்கு வாசலுக்கு வந்தீங்களாம்மா? செடி எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வரும். இரண்டாவது கேள்விக்குக் கால் மணி நேரம் பதில் வரும். அந்த நன்னிமாவின் மகன் இதை எங்களிடம் சொன்னார்.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் கற்பூரவல்லிக் கிளைகள் கட்டி வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அந்த நன்னிமா வீட்டுச் செடியிலிருந்து ஒடித்தவை. கட்டியவரும் அவரே. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தையும் மன நிம்மதியையும் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் நம்மைக் குறை வைக்காதவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.